நாலு கதவிலும் அக்கா

ராத்திரி ரெண்டு மணிக்கு, சார்ஜில் கிடந்தபடியே
என் போன் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
காலையில் முருகன்குறிச்சி ஸ்டாண்டில் சாவி போட்டால்
வண்டிப் பெட்டிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.
தேடுகிறது, தேடுகிறது,
நாலு வருசமாகத் தினமும் பார்த்த முகத்தை
நாற்பது விநாடி பார்த்துவிட்டு
கிடைக்கவில்லை என்கிறது.

வண்ணார்பேட்டைக் கடையில் ரசாக் சொன்னான்:
"போன் புதுசாப் பேசுது அண்ணாச்சி,
பெட்டி பழசாவே கேக்குது.
பெட்டி செஞ்ச கம்பெனியைப் பூட்டி மூணு வருசமாச்சு.
ஒண்ணு அதை மாத்தணும், இல்ல இதை மாத்தணும்.
ரெண்டும் முடியாட்டா நீங்களே பாடிக்கிடுங்க."
பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை.
கைவிட்ட டாக்டர்தான் அப்படிச் செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை சவாரி கல்லிடைக்குறிச்சிக்கு, பெண் பார்க்க.
முன் சீட்டில் மாப்பிள்ளை கோமதிராஜ்,
பைனான்ஸ் கம்பெனியில் ஏதோ மேனேஜர்,
சட்டை மடிப்புக் கலையாமல் மூச்சு விடுகிறவர்.
பின்னால் அப்பா, அம்மா, மடியில் பழத்தட்டு.
பேட்டையில் ஏறினார் பெண்ணின் தாய்மாமா நெல்லைநாயகம்,
வழி காட்டுகிறேன் என்று.
நேர் ரோடு. காட்ட ஒன்றுமில்லை.

சுத்தமல்லி தாண்டும்வரை மழையைப் பற்றிப் பேசினார்கள்.
பத்தமடையில் டீ குடிக்கலாமா என்று எல்லாரும் கேட்டார்கள்,
யாரும் குடிக்கவில்லை.
"நாங்க எதையும் எதிர்பாக்கல,
உங்க பிள்ளைக்கு நீங்க செய்யுததுதான்"
என்றார் மாப்பிள்ளையின் அப்பா.
மாமா வெளியே நாற்று வயலைப் பார்த்துத் தலையாட்டினார்.

சேரன்மகாதேவி தாண்டியதும் மாப்பிள்ளையின் போன் அடித்தது.
காதில் வைத்து "சொல்லுக்கா" என்றார்.
காதில் ஒன்றுமில்லை.
நாலு கதவிலிருந்தும் அக்கா பேசினாள்:

"ஏல, அம்பதுலயே நில்லு. அவிய நாப்பதுன்னா
நான் பேசிக்கிடுதேன், நீ வாயைத் தொறக்காத.
கார் தாரோம்னா வேண்டாம்னு சொல்லு.
ரெண்டு தரந்தான் சொல்லணும், கேட்டியா?
அந்த மாமங்காரன் கூட வாரானாமே,
அவன் ஊர்ப்பட்ட கடன்காரன், அவன்ட்டப் போயி..."

போன மாசம் தூத்துக்குடி மீட்டிங்குக்குப் போனபோது
பாட்டுக் கேட்கவென்று
ஒரே ஒரு தரம் சேர்த்துக்கொண்ட போன்.
என்னை மறந்த பெட்டி
அவரை ஞாபகம் வைத்திருந்தது.

அவர் போனை அழுத்துகிறார், நான் பெட்டியை அழுத்துகிறேன்,
அக்கா சத்தம் கூடுகிறது.
"ஏல, லைன்ல இருக்கியா?"
தட்டிலிருந்து ஒரு சாத்துக்குடி உருண்டு
என் சீட்டுக்கடியில் வந்து நின்றது.
யாரும் எடுக்கவில்லை.

வீரவநல்லூர் பஸ் நிறுத்தத்தில்
"இங்கன நிறுத்தும்" என்றார் மாமா.
இறங்கி வேட்டியை உதறிக் கட்டினார்.
முகத்தில் கோபமில்லை,
கணக்குப் பார்த்து முடித்தவர் முகம்.
ஜன்னலுக்குள் குனிந்து
"கடன் இருக்கு, வாஸ்தவந்தான்" என்று மட்டும் சொன்னார்.

வண்டியைத் திருப்பினேன்.
பாளையங்கோட்டை வருவதற்குள் அக்கா மூன்று தரம் அடித்தாள்.
மூன்று தரமும்
கோயில் மணி மாதிரி நாலு கதவும் அடித்து ஓய்ந்தன.

ராத்திரி பெட்டியின் பட்டியலைத் திறந்தேன்.
எட்டுப் பேருக்குத்தான் இடம், எட்டும் நிறைந்திருந்தது.
எந்தச் சவாரியில் ஏறினவர்களோ, எங்கே இறங்கினார்களோ,
ஒன்றுக்குப் பேர்கூட இல்லை, வெறும் எண்.
முதல் வரியில் நான்.

அப்போது போன், கையிலேயே, ஒற்றைக் குரலில்:
"டிரைவரே, நெல்லைநாயகம் பேசுதேன்.
அடுத்த ஞாயிறு தென்காசிக்காரன் ஒருத்தன் வாரான்.
கூட்டிட்டு வர உம்ம வண்டிதான் வேணும்,
வாடகையில நூறு கூடப் போட்டுக்கிடும்.
ஏறினதும் பாட்டுக் கேளுங்கன்னு சொல்லி
பய போனைச் சேத்து விட்டுரும்.
வேற எதையும் சரி பண்ணிராதீரும்."

ஒரு இடம் வேண்டும்.
பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.
கோமதிராஜை விட்டுவைத்தேன்.
என் பேரை அழித்தேன்.